வணிகம் பேசிய எந்திரங்கள் – 12: ஃபீல்டுக்குப் பெயர் வைத்தவர்கள்

போன இதழில் கல்லறைக் கல்லோடு நிறுத்தியிருந்தேன். கோபால் என்ற வணிக நிரல்மொழியை வகுக்கும் குழு வேலை இழுத்துக்கொண்டே போகிறதே என்ற கடுப்பில் ஆர்சிஏ நிறுவனத்தின் ஹோவர்ட் பிரோம்பெர்க், 'கோபால்' என்று செதுக்கிய ஒரு கல்லை விலைக்கு வாங்கி, பென்டகனில் இருந்த சார்லஸ் பிலிப்ஸுக்குப் பார்சல் அனுப்பிய கதை. அந்தக் கல் இப்போது கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரத்துக் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டுக் கோபால் மாதிரியே வந்துவிடுகிறது. பரவாயில்லை, அவரும் கணக்குப்பிள்ளைதான்.)

கோபாலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதன் ஆங்கில வினைச்சொற்களைப் பற்றியே எழுதுகிறார்கள். கூட்டு, நகர்த்து, செய்துவா என்றெல்லாம் வாக்கியம் வாக்கியமாக எழுதலாம், மேனேஜரும் படிக்கலாம் என்பதுதான் அன்று விளம்பரமும். மேனேஜர் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால், அந்த மொழியில் உண்மையாகவே புதிதாக இருந்தது வினைச்சொல் அல்ல. அதற்கு முன்னால் வருகிற 'டேட்டா டிவிஷன்' என்ற பகுதி. இந்த இதழ் முழுக்க அதைப் பற்றித்தான். அங்கே தொடங்கிய ஒரு தலைவலிக்கு பாரிஸில் எப்படி மருந்து கண்டுபிடித்தார்கள், அந்த மருந்து எந்த அளவுக்குக் கேட்டது என்பதும் இதிலேயே வந்துவிடும்.

ஆரம்பகாலக் கணினியில் சம்பளத்துக்குப் பெயர் கிடையாது. அது நினைவகத்தில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் பெயர். முந்நூற்றுப் பன்னிரண்டில் இருப்பதை எடு, நானூற்று ஐந்தில் போடு. நடுவில் ஒரு எழுத்து கூடிவிட்டால் பின்னால் இருப்பதெல்லாம் நகர்ந்துவிடும். எண்களை எல்லாம் திரும்ப எழுத வேண்டும். கிரேஸ் ஹாப்பர் தலைமையில் யூனிவாக் கணினிக்காக உருவான ஃப்ளோ-மேட்டிக் இதைத்தான் உடைத்தது. சரக்குக்கு 'சரக்கு' என்றும் விலைக்கு 'விலை' என்றும் முழுப்பெயர் வைக்கலாம். தரவு எப்படி இருக்கும் என்ற விவரம் தனிப் பகுதி, அதை வைத்து என்ன செய்வது என்ற கட்டளைகள் தனிப் பகுதி. இந்தப் பிரிவினையைப் பெரிய கண்டுபிடிப்பு என்று அன்று யாரும் கொண்டாடவில்லை. ஆனால் 1959 மே 28, 29 தேதிகளில் பென்டகனில் கூடிப் பேசிய பிறகு கோபாலை வகுக்க அமைந்த குறுகியகாலக் குழு, ஃப்ளோ-மேட்டிக்கிலிருந்து எடுத்துக்கொண்டவற்றில் இதுதான் தலையானது.

அளவைச் சொல்லும் முறை மட்டும் போட்டிக்காரர் வீட்டிலிருந்து வந்தது. ஐபிஎம்மில் பாப் பெமர் வடிவமைத்த காம்டிரானில் 'பிக்சர்' என்றொரு வசதி இருந்தது. ஒரு ஃபீல்டு, அதாவது பெயர், விலை மாதிரி ஒரு தகவலுக்கு ஒதுக்கிய இடம், எப்படி இருக்கும் என்று விளக்கம் சொல்லாமல் படமாகவே வரைந்து காட்டிவிடுவது. ஓர் இலக்கம் வர வேண்டிய இடத்தில் ஒரு 9. எந்த எழுத்தும் வரலாம் என்றால் ஓர் எக்ஸ். ஊழியர் எண் ஐந்து இலக்கம் என்றால் 9(5). பெயர் இருபது எழுத்து என்றால் எக்ஸ்(20). சம்பளத்துக்கு 9(6)வி99.

அந்த 'வி' மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவில் இருக்கும் புள்ளி அது. ஆனால் அந்தப் புள்ளி எங்கும் எழுதப்படுவதில்லை. காந்த நாடாவிலோ துளை அட்டையிலோ எட்டு இலக்கங்கள் மட்டும்தான் இருக்கும். புள்ளி இந்த இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடு என்று கணினிக்குச் சொல்கிற குறி. ஓர் எழுத்து மிச்சம். அட்டையில் மொத்தமே 80 நெடுவரிசைதான் என்றால் ஓர் எழுத்து என்பது சின்ன விஷயமில்லை. 1959 அக்டோபரில் ஐபிஎம் அறிவித்த 1401 கணினியின் ஆகச் சிறிய மாடலில் 1,400 எழுத்துக்குத்தான் நினைவகம். இன்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு அதைவிட நீளம்.

அச்சடிக்கும்போது வேறு படம். முன்னால் வரும் பூஜ்யங்களை மறைக்க இசட் போட வேண்டும். காசோலை என்றால் நட்சத்திரக் குறி: தொகைக்கு முன்னால் காலியிடம் இருந்தால் யாராவது ஓர் இலக்கத்தைச் சேர்த்துவிடுவார்கள் அல்லவா, அதனால் காலியிடத்தை எல்லாம் நட்சத்திரத்தால் அடைத்துவிடு என்று அர்த்தம். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் பயம் அப்படியே ஒரு நிரல்மொழியின் இலக்கணத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கணிதப் பேராசிரியர்கள் கோபாலை இளக்காரமாகப் பார்த்ததற்கும், கணக்காளர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கும் இந்த நட்சத்திரமே போதுமான விளக்கம்.

ஃபீல்டுகளை அடுக்குவதற்கு எண்கள் உண்டு. 01 என்றால் முழு ரெக்கார்டு, அதாவது ஓர் ஆளுக்கோ பொருளுக்கோ உரிய ஃபீல்டுகள் எல்லாம் சேர்ந்தது. அதற்குள் 05, அதற்குள் 10 என்று உள்ளே உள்ளே போகலாம். பிறந்த தேதி என்று 05-இல் சொல்லி, அதற்குள் நாள், மாதம், ஆண்டு என்று மூன்று 10 போடலாம். 88 என்ற எண் தனி ஜாதி: அது இடமே பிடிக்காது, மதிப்புக்குப் பெயர் மட்டும் கொடுக்கும். மணநிலை ஃபீல்டில் 'எம்' இருந்தால் 'மணமானவர்' என்று பெயர். பிறகு நிரலில் 'மணமானவர் என்றால்' என்றே எழுதலாம். பெயர்கள் முப்பது எழுத்து வரை. இதையெல்லாம் கோடிங் ஷீட் என்ற கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி, அட்டை துளைக்கும் பெண்களிடம் கொடுப்பார்கள். முதல் ஆறு கட்டம் வரிசை எண்ணுக்கு, ஏழாவது கட்டம் குறிப்புக்கு, எட்டிலிருந்து எழுத்து. 72-க்கு மேல் எழுதினால் கம்பைலர் கண்டுகொள்ளாது. பூஜ்யத்தையும் 'ஓ' எழுத்தையும் ஒரே மாதிரி எழுதியதால் ஒரு நாள் வேலை போனவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

சரி, இவ்வளவு அழகாக இருந்ததில் தலைவலி எங்கே வந்தது?

தரவு விவரம் தனிப் பகுதிதான். ஆனால் அது ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் தனித்தனியாக இருந்தது. வாடிக்கையாளர் கோப்பை நாற்பது புரோகிராம் படிக்கிறது என்றால், நாற்பது இடத்தில் அந்த ரெக்கார்டின் விவரம். ஒருவர் 'வாடிக்கையாளர்-எண்' என்று எழுதியிருப்பார். அடுத்தவர் 'கஸ்ட்-நம்' என்றிருப்பார். மூன்றாமவர் அவசரத்தில் வெறும் 'எண்-1'. பெயரில் என்ன இருக்கிறது, அளவு சரியாக இருந்தால் கணினி கவலைப்படாது. அளவு மாறினால்தான் வினை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நடந்தது இது. எந்த இடம் என்பது வேண்டாம். பெயர் ஃபீல்டு இருபது எழுத்து போதவில்லை என்று ஒருவர் இருபத்தைந்து ஆக்கினார். கோப்பை எழுதும் புரோகிராமில் மாற்றினார், படிக்கும் புரோகிராம்களிலும் மாற்றினார், மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஒன்றை விட்டுவிட்டார். அந்தப் புரோகிராமுக்குப் பெயர் இன்னும் இருபது எழுத்துதான். இருபத்தோராவது எழுத்திலிருந்து தொகை ஆரம்பிக்கிறது என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. அங்கே இருந்ததோ பெயரின் வாலில் நீளும் காலியிடம். மெயின்ஃப்ரேமில் தொகையைச் சுருக்கி வைப்பார்கள்: ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. ஏழு இலக்கம் நான்கு பைட்டில் அடங்கிவிடும். காலியிடத்தை அப்படிப் பிரித்துப் பார்த்தால் குறி இருக்க வேண்டிய இடத்தில் குறியே இல்லை. கணினி கைவிரித்துவிடும். அதற்குப் பெயர் 'எஸ்-ஜீரோ-சி-செவன்'. மெயின்ஃப்ரேமில் வேலை பார்த்த யாரிடமாவது இந்த நான்கெழுத்தைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். எங்களுக்கு அது விடிகாலை மூன்று மணிக்கு வந்தது. புரோகிராமில் ஒரு வரிகூடத் தப்பில்லை. தரவைப் பற்றி அது வைத்திருந்த நினைப்புதான் தப்பு.

இதற்குக் கோபாலிலேயே ஒரு கைமருந்து இருந்தது. ரெக்கார்டு விவரத்தைத் தனியாக ஒரு நூலகத்தில் வைத்து 'காப்பி' என்ற ஒரே சொல்லால் புரோகிராமுக்குள் இழுத்துக்கொள்ளலாம். காப்பிபுக் என்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அது வழக்கம், சட்டமில்லை. பொறுமை இல்லாதவர் அதை எடுத்துத் தன் புரோகிராமுக்குள் ஒட்டிக்கொண்டு தனக்கு வேண்டியபடி திருத்திக்கொள்வார். மேலும் காப்பிபுக் ரெக்கார்டை ஒருமைப்படுத்தியதே தவிர, ஃபீல்டை ஒருமைப்படுத்தவில்லை. வாடிக்கையாளர் கோப்பில் ஆறு இலக்கமாக இருக்கும் அதே எண், ஆர்டர் கோப்பின் காப்பிபுக்கில் எட்டு இலக்கமாக இருப்பதைத் தடுக்க ஆளில்லை.

புரோகிராமைப் புரோகிராமே எழுதட்டும் என்ற யோசனை கோபாலைவிட மூத்தது. எனியாக் கணினியின் முதல் ஆறு பெண் நிரலர்களில் ஒருவரான பெட்டி ஹோல்பர்ட்டன் 1951-லேயே யூனிவாக்குக்கு ஒன்று செய்தார்: கோப்பின் விவரத்தைக் கொடுத்தால், அதை வரிசைப்படுத்துகிற புரோகிராமை அதுவே எழுதித் தரும். இங்கேயும் உள்ளே போவது தரவின் விவரம் என்பதைக் கவனிக்க வேண்டும். அவரே பின்னால் கோபால் குழுவிலும் உட்கார்ந்தார். 1401-க்கு வந்த ஆர்பிஜியும் அறிக்கை அச்சடிக்கும் நிரல்களைப் படிவத்திலிருந்து உருவாக்கியது. 1970-களிலிருந்து கோபாலையே எழுதித் தரும் ஜெனரேட்டர்கள் பல ஊர்களிலிருந்து வந்தன. அமெரிக்காவில் டெலான். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கில் சிம்ப்ஸனும் பீட்டர் ஹாஸ்கின்ஸும் செய்த லிங்க். அதை பர்ரோஸ் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இவற்றையெல்லாம் தாண்டி நான் பாரிஸுக்குப் போவதற்குக் காரணம், அங்கே உருவானதுதான் தரவுக்கூறை, அதாவது புரோகிராமுக்கு வெளியே ஒரே இடத்தில் வரையறுத்த ஃபீல்டை, மையத்தில் வைத்துக் கட்டிய வீடு.

ராபர்ட் மாலே 1969-இல் தொடங்கிய நிறுவனம் சிஜிஐ. கோரிக் என்று ஒரு வடிவமைப்பு முறையைச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர்களுடைய வேலை. அந்த முறைப்படி கோபால் புரோகிராமைத் தானாக எழுதுவதற்கு 1970-களின் தொடக்கத்தில் 'பாக்' என்ற கருவியைச் செய்தார்கள். அது வளர்ந்து பாக்பேஸ் ஆயிற்று. பிரெஞ்சு வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் ஒரு தலைமுறையே அதில் ஊறியது. இங்கே புரோகிராமர் கோபாலின் முழு வாக்கியத்தை எழுத வேண்டியதில்லை. நகர்த்து என்பதற்கு 'எம்' என்ற ஒரே எழுத்து, செய்துவா என்பதற்கு 'பி'. ஆங்கில வாக்கியங்களைக் கருவி எழுதிக்கொள்ளும். மேனேஜர் படிக்கட்டும் என்று அமெரிக்கக் குழு பாடுபட்டுச் சேர்த்த ஆங்கிலத்தை, அதை நாங்கள் தட்ட மாட்டோம், எந்திரமே தட்டிக்கொள்ளட்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

பாக்பேஸில் புரோகிராம் எழுத உட்காருவதற்கு முன்னால் அகராதிக்குப் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு தரவுக்கூறுக்கும் ஒரு பக்கம். முதலில் அதன் குறியீடு, ஆறு எழுத்துக்குள். கோபாலில் முப்பது எழுத்து தாராளம், இங்கே ஆறுதான். அதனால் வாடிக்கையாளர் எண் என்பதற்குரிய பிரெஞ்சுச் சொற்கள் இரண்டையும் நறுக்கி 'நுக்லி' என்பதுபோல ஒரு குறியீடு. எண் என்றால் 'நு', தொகை என்றால் இன்னொரு ஈரெழுத்து என்று ஒவ்வொரு அலுவலகத்துக்குள்ளும் ஒரு மரபு உருவாகிவிடும். அடுத்து முழுப்பெயர், எல்லோருக்கும் புரிகிற மாதிரி. அதன் பிறகு வருவதுதான் விசேஷம்: ஒரே கூறுக்கு மூன்று வடிவம். உள்ளே வரும்போது ஒன்று, சேமித்து வைக்கும்போது ஒன்று, அச்சிலோ திரையிலோ காட்டும்போது ஒன்று. தொகை என்றால், தட்டும்போது சாதாரண இலக்கங்கள். கோப்பில் அரை பைட்டாகச் சுருக்கியது. அறிக்கையில் முன்பூஜ்யம் மறைத்துப் புள்ளியோடு. பெமரின் படம் மூன்றும் ஒரே பக்கத்தில்.

அதற்குக் கீழே அது ஏற்கும் மதிப்புகள். மணநிலைக்கு இன்னின்ன எழுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள். அறிக்கையில் அந்த நெடுவரிசையின் தலைப்பு என்ன என்பதுகூட அங்கேயே. பிறகு ரெக்கார்டை விவரிக்கும்போது அளவு எதையும் எழுத வேண்டாம். கூறுகளின் குறியீடுகளை வரிசையாகச் சொன்னால் போதும். அளவை அகராதியிலிருந்து எடுத்து, டேட்டா டிவிஷனை ஜெனரேட்டரே எழுதிவிடும். நாற்பது புரோகிராமிலும் ஒரே அளவு, ஒரே பெயர். இந்தக் கூறு எந்தெந்த ரெக்கார்டில், எந்தெந்தப் புரோகிராமில் இருக்கிறது என்று கேட்டால் பட்டியலும் கொடுக்கும். எங்கள் மாதக்கடைசிப் புரோகிராம் அந்தப் பட்டியலில் இருந்திருக்கும். நாங்களும் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டியிருந்திருக்காது.

இதனால் அலுவலகத்தில் புதிதாக ஒரு பதவி முளைத்தது. அகராதியைப் பார்த்துக்கொள்கிறவர். புதிய கூறு வேண்டுமென்றால் அவரிடம் போக வேண்டும். அவர் கேள்வி கேட்பார். ஏற்கெனவே இருக்கிற 'வாடிக்கையாளர் எண்' ஏன் போதாது? நீங்கள் சொல்கிற வாடிக்கையாளர் என்பவர் கணக்கு வைத்திருப்பவரா, பணம் கட்டுகிறவரா? காப்பீட்டு நிறுவனத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. பாலிசி எடுத்தவர் ஒருவர், காப்பீடு பெறுபவர் ஒருவர், பிரீமியம் கட்டுகிறவர் மூன்றாவது ஆள். கோபாலில் இந்தக் குழப்பத்தை நாற்பது புரோகிராமுக்குள் ஆளுக்கொரு பக்கம் புதைத்து வைக்கலாம். அகராதியில் புதைக்க முடியாது, ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறெழுத்துக் குறியீட்டுக்கு முன்னால் ஆறு பேர் உட்கார்ந்து அரைநாள் பேசினார்கள் என்றால் அந்த அரைநாளை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் மனிதர்கள் மனிதர்கள்தான். கேள்விக்குப் பயந்தவர்கள் பொது வேலைக்கென்று இருக்கும் ஏதோ ஒரு கூறை எடுத்து, அதில் வாடிக்கையாளர் எண்ணை வைத்துக்கொண்டார்கள். இருக்கிற கூறின் அளவை மாற்றினால் யாருடைய புரோகிராம் கவிழுமோ என்று பயந்தவர்கள் அதே பொருளுக்கு இன்னொரு குறியீடு வாங்கினார்கள். அகராதியில் ஒரே ஆளுக்கு நான்கு பெயர் இருப்பதை எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று: அகராதியில் அளவை மாற்றினால் புரோகிராம்களைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம், சரி. ஏற்கெனவே நாடாவில் எழுதிவைத்த பழைய ரெக்கார்டுகள் தாமாக நீளாது. அவற்றை மாற்றத் தனியாகப் புரோகிராம் எழுதி, ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும்.

இது எவ்வளவு பெரிய வேலை என்று உலகத்துக்கே தெரிந்தது 1990-களின் கடைசியில். ஆண்டுக்கு இரண்டு இலக்கம் ஒதுக்கியிருந்தார்கள். 99-க்குப் பிறகு 00. 1974 தரநிலைக் கோபாலில் இன்றைய தேதியைக் கேட்டால் கணினி கொடுப்பதே ஆறு இலக்கம்தான், ஆண்டுக்கு இரண்டு. நான்கு இலக்கத்தில் ஆண்டு தரும் வசதி தரநிலையில் சேர்ந்தது 1989-இல். இங்கே நம் பெமர் திரும்ப வருகிறார். ஃபீல்டின் அகலத்தை 9 போட்டுப் படம் வரையச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர், இரண்டு 9 போதாது என்று 1971-லேயே அச்சில் எச்சரித்தார். 1979-இல் மறுபடியும் எழுதினார். மோர்மன் திருச்சபையின் வம்சாவளிப் பதிவுகளோடு பழகியபோதே அவருக்கு இது உறைத்துவிட்டது. நூற்றாண்டைச் சொல்லாமல் பாட்டனையும் பேரனையும் எப்படிப் பிரிப்பது? யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாக்பேஸ் அகராதியில் தேதிக்கென்றே ஓரெழுத்து வடிவங்கள் இருந்தன. நூற்றாண்டோடு ஒன்று, நூற்றாண்டு இல்லாமல் ஒன்று. தேதியைத் தேதி என்றே சொல்லி வைத்தவர்களால் எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று பட்டியல் எடுக்க முடிந்தது. தேதியை வெறும் 9(6) என்று அறிவித்தவர்களுக்கு அகராதி இருந்தும் இல்லாததுபோலத்தான். வெறுங்கோபால்காரர்களைப் போலவே வரி வரியாகத் தேட வேண்டியதாயிற்று. அந்தத் தேடும் வேலையில் கணிசமான பங்கு இந்தியாவுக்கு வந்தது, சென்னையில் கோபால் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. 50-க்குக் கீழே இருந்தால் 20 சேர், மேலே இருந்தால் 19 சேர் என்று கோடு கிழித்து ஒப்பேற்றிய புரோகிராம்களும் நிறைய. அந்தக் கோடு எந்த ஆண்டின் மேல் கிழிக்கப்பட்டதோ, அந்த ஆண்டு வரும்போது அவை திரும்பவும் கதவைத் தட்டும்.

சிஜிஐ நிறுவனத்தை 1993-இல் ஐபிஎம் வாங்கியது. பாக்பேஸ் விஷுவல்ஏஜ் பாக்பேஸ் ஆனது. பிறகு அதற்கான ஆதரவை நிறுத்தப்போவதாக ஐபிஎம் அறிவித்தது. சிலர் ஜெனரேட்டர் எழுதித்தந்த கோபாலையே கையில் எடுத்துக்கொண்டு பராமரிக்கத் தொடங்கினார்கள். ஆறெழுத்துப் பெயர்களும், எஃப் என்று தொடங்கும் பத்திப் பெயர்களும் நிறைந்த, கண்ணுக்கு இதமில்லாத கோபால். சிலர் ஐபிஎம் மாற்றாகக் கொடுத்த ராஷனல் புரோகிராமிங் பேட்டர்ன்ஸுக்குப் போனார்கள். திரை மாறியது, பெயர் மாறியது. அதைத் திறந்தால் அங்கேயும் புரோகிராமுக்கு முன்னால் தரவுக்கூறைத்தான் வரையறுக்க வேண்டியிருந்தது, அதே மூன்று வடிவங்களோடு.

அடுத்த இதழில் ஆர்பிஜி. அதற்குள் ஒரு வேண்டுகோள். 1980, 90-களில் கோபால் படித்தவர்கள், அட்டை துளைத்தவர்கள் வீட்டுப் பரணில் கோடிங் ஷீட் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வெற்றுத்தாளாக இருந்தாலும் சரி, பென்சிலில் எழுதி அழித்ததாக இருந்தாலும் சரி, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இந்தத் தொடர் புத்தகமாகும்போது உங்கள் அனுமதியோடு சேர்த்துக்கொள்கிறேன்.

(தொடரும்)